மூன்றாவது மணிக்குள் சொர்ணம்

அம்பத்தூர் எஸ்டேட்டில் லோகநாதன் ஸ்பிரிங்ஸ் எங்கே என்று கேட்டால் பாதிப் பேர் உதட்டைப் பிதுக்குவார்கள். "சொர்ணம் மைக்குல கத்துமே, அந்தக் கம்பெனி" என்று கேட்டுப் பாருங்கள். டீக்கடைக்காரர் கடையை அப்படியே விட்டுவிட்டு வாசல்வரை கொண்டுவந்து விடுவார்.

வாசலைத் தாண்டியதும் இடது பக்கம் ஒரு கண்ணாடித் தடுப்பு. அதற்குள் ஒரு மேஜை, ஒரு கறுப்பு லேண்ட்லைன் போன், கழுத்து வளைந்த மைக், சின்னச் சின்னதாகக் கிழித்த காகிதத் துண்டுகள், ஒரு டப்பா குண்டூசி. மேஜைக்கு அடியில் காலைத் தூக்கி வைத்துக்கொள்ள ஒரு மணை. பத்தொன்பது வருஷமாக இதுதான் சொர்ணத்தின் ராஜ்ஜியம். போன் மூன்று தடவைக்கு மேல் மணி அடித்ததாகச் சரித்திரமே கிடையாது. மூன்றாவது மணி முடிவதற்குள் எடுத்து, "ஸ்பிரிங்ஸ், வணக்கம்" என்று விடுவாள்.

அவள் வேலை இன்னதென்று எந்தக் காகிதத்திலும் விளக்கமாக எழுதியதில்லை. உண்மையான வேலை என்னவென்றால், சொன்னது போய்ச் சேர வேண்டும். சொல்வதற்கு என்ன, வாய் உள்ள யாரும் சொல்லிவிடலாம். போய்ச் சேருகிறதா என்பதுதான் பேச்சு.

முதலாளி லோகநாதனையே எடுத்துக்கொள்ளுங்கள். பாரிவாக்கத்துக்காரர், அறுபத்தெட்டு வயசு. அவர் போன் வைத்திருப்பதே காலையில் நாலு பேருக்கு ரோஜாப்பூ படம் அனுப்பத்தான். வந்த செய்தியைப் படிப்பது தன் வேலை இல்லை என்று எப்போதோ முடிவு செய்துவிட்டார். ஆனால் பதினோரு மணிக்கு டீயோடு பேப்பரை விரித்து ராசிபலன் பார்க்காவிட்டால் அவருக்குப் பொழுது போகாது. ஆகவே சொர்ணம், முதலாளிக்குச் சொல்ல வேண்டியதைத் துண்டுச் சீட்டில் எழுதித் துலாம் ராசிமேலேயே குண்டூசியால் குத்திவிடுவாள். 'கம்பி லாரி இன்னும் வரவில்லை' என்று துலாம் ராசிக்குப் பலன் போட்டிருந்தால் மனுஷர் சும்மா இருப்பாரா? அங்கேயே எழுந்து நின்று யாரையாவது கூப்பிட்டுக் கத்துவார். மாலைக்குள் லாரி வாசலில் நிற்கும்.

கம்பி சுற்றும் பகுதியின் தலைவர் இளங்கோவுக்கு மைக் உதவாது. அவருடைய மெஷின்கள் போடும் கூச்சலில் இடி விழுந்தாலும் கேட்காது. அவர் பகுதி டியூப்லைட்டின் சுவிட்சு சொர்ணத்தின் தலைக்குமேல் இருக்கிறது. இரண்டு தடவை அணைத்துப் போட்டால் ஆபீசுக்கு வா. மூன்று தடவை என்றால் மெஷினை நிறுத்து. தரம் பார்க்கும் மைதிலிக்கு எதைச் சொன்னாலும், "எழுத்துல இருக்குதாக்கா?" என்றுதான் முதல் கேள்வி வரும். அவளுக்குச் சீட்டு, அதில் தேதி, கீழே கையெழுத்து. வேன் ஓட்டும் வேம்புலி அண்ணாத்தே ஸ்டியரிங்கைப் பிடித்துவிட்டால் போனைத் தொடமாட்டார். இரண்டு மணி அடித்து வைத்துவிட்டால், ஓரங்கட்டி, சாவகாசமாக வெற்றிலை போட்டுக்கொண்டு அவரே கூப்பிடுவார். மூன்றாவது மணி அடித்ததோ, முதலாளி திட்டத்தான் கூப்பிடுகிறார் என்று பயந்து எடுக்கவே மாட்டார்.

இன்னொன்றும் உண்டு. கோபமான சமாச்சாரத்தை சொர்ணம் மைக்கில் சொல்லமாட்டாள். அதற்குக் கூப்பிட்டு உட்காரவைத்து மெல்லச் சொல்வாள். இளங்கோவின் அப்பா தவறிப்போன அன்று டியூப்லைட்டை அவள் தொடவே இல்லை. எழுந்து அவ்வளவு தூரம் நடந்து போய், மெஷின் நிற்கும்வரை பக்கத்தில் நின்று, தோளைத் தொட்டுச் சொன்னாள். போய் நின்றபோதே அவருக்குப் புரிந்துவிட்டது. சொர்ணம் நடந்து வந்தால் என்ன அர்த்தம் என்று அந்தக் கம்பெனியில் எல்லோருக்கும் தெரியும்.

இப்படிப்பட்டவள் இந்த நாற்காலிக்கு வந்த கதை சின்னதுதான். அண்ணனூரிலிருந்து லோக்கல் ரயிலில் வந்து, முதலில் பேக்கிங்கில்தான் சேர்ந்தாள். அங்கே நாள் முழுக்க நின்றுகொண்டு பெட்டி கட்ட வேண்டும். மூன்று வருஷத்தில் இரண்டு காலிலும் நரம்பு முடிச்சு முடிச்சாகப் புடைத்துக்கொண்டது. டாக்டர், "நிக்கிற வேலைய விட்டுடும்மா, இல்லன்னா கால் உன்ன வுட்டுடும்" என்றார். நல்ல நேரம், போன் எடுக்கிற பெண் பிரசவத்துக்குப் போனாள், திரும்பி வரவில்லை. சொர்ணம் உட்கார்ந்தாள். கால் பிழைத்தது. அந்த மணையைப் பார்க்கும்போதெல்லாம் அவளுக்குக் கும்பிடத் தோன்றும், கும்பிட்டும் இருக்கிறாள்.

இந்த ராஜ்ஜியத்தில்தான் ராகேஷ் வந்து இறங்கினான்.

ராகேஷ் முதலாளியின் மருமகன். கம்ப்யூட்டர் கம்பெனி ஒன்றில் ஏழு வருஷம் இருந்துவிட்டு, மாமனாரின் கம்பெனியைத் தூக்கி நிறுத்த வந்தவன். தொழிலாளிகள் எல்லோரும் 'மாப்ள சார்' என்றார்கள். கெட்டவன் இல்லை, எல்லோரையும் சார், மேடம் என்றுதான் கூப்பிடுவான். ஆனால் கையில் ஒரு டேப்லெட், காதில் ஒரு குமிழ், நடையில் ஒரு அவசரம். வந்த முதல் வாரமே 'ஒரே இடம்' என்று ஒரு ஆப்பை, சொர்ணத்தின் பட்டன் போன் தவிர எல்லோர் போனிலும் ஏற்றிவிட்டான்.

"இனிமே சீட்டு, மைக், லைட்டு எதுவும் வேண்டாம். யார் எதைச் சொன்னாலும் இதுலதான். ஒரு மெசேஜ் போட்டா முப்பத்தெட்டு பேருக்கும் ஒரே செகண்டுல போயிடும்" என்றான்.

"போவும் சார், சேருமா?" என்று சொர்ணம் கேட்டாள்.

அவனுக்கு அந்தக் கேள்வி விளங்கவில்லை. சிரித்துவிட்டுப் போய்விட்டான்.

ஆப் அமர்க்களமாக ஆரம்பித்தது. முதல் நாள் 'நாளை மின்சாரம் இருக்காது' என்று ராகேஷ் போட்டதற்கு முதலாளி ஒரு ரோஜாப்பூ அனுப்பினார். அதற்கு முப்பது பேர் கும்பிடு போட்டார்கள். மறுநாள் எல்லோரும் வந்து இருட்டில் நின்றார்கள். பத்தாம் நாள் பேக்கிங்கில் ஒரு பெண்ணுக்குப் பிறந்தநாள். கேக், மெழுகுவர்த்தி, பலூன், மாலை போட்ட யானை என்று வாழ்த்து வந்து குவிந்ததில், 'நாலாம் நம்பர் மெஷின் அளவு தப்பு, உடனே நிறுத்தவும்' என்று மைதிலி போட்டது யானைக்கு அடியில் மாட்டிக்கொண்டது. எண்ணெய்க் கையோடு போனை யார் தொடுவது? இரண்டு மணி நேரம் தப்பான ஸ்பிரிங் அழகாகச் சுற்றி விழுந்துகொண்டே இருந்தது. கடைசியில் மைதிலி தலைதெறிக்க ஓடிவந்து, "அக்கா, லைட்ட போடுக்கா!" என்று அலறினாள்.

குறை மட்டும் சொல்லக்கூடாது. டிராயிங்கைப் படம் பிடித்து அனுப்ப அந்த ஆப் நல்ல சாமான்தான். லீவு கேட்கவும் தோது. ஆனால் மாப்ள சாருக்கு ஒன்று பிடித்துவிட்டால் அது ஒன்றுதான் உலகம். பல்லும் அதில்தான் விளக்க வேண்டும், பாயும் அதில்தான் விரிக்க வேண்டும்.

புரட்டாசி பிறந்ததும் ஒருநாள் கண்ணாடித் தடுப்புக்கு வந்து நின்றான்.

"மேடம், லேண்ட்லைனை மாசக் கடைசியோட கட் பண்ணச் சொல்லி லெட்டர் கொடுத்துட்டேன். இந்த இடத்துல ஒரு ஸ்க்ரீன் வைக்கப் போறோம். பூஜை லீவு முடிஞ்சதும் நீங்க பேக்கிங்குக்குப் போயிடுங்க. சம்பளம் அதேதான், கவலைப்படாதீங்க."

முப்பத்தெட்டு பேருக்கும் எப்படி எப்படியோ சொல்லத் தெரிந்தவளுக்கு, தன் காலைப் பற்றிச் சொல்ல ஒரு வழியும் அகப்படவில்லை. "சரி சார்" என்றுதான் வந்தது. அன்று ரயிலில் அண்ணனூர்வரை ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதாள்.

ஆயுத பூஜைக்கு முதல் நாளே பூஜை போட்டுவிட்டு இரண்டு நாள் லீவு விடுவது எஸ்டேட் வழக்கம். ராகேஷுக்கு அதில் தலைகால் புரியாத உற்சாகம். ஆப்பில் ஓர் அறிவிப்புப் போட்டான்: 'இனி போன்தான் நம் ஆயுதம். எல்லோரும் போனைப் பூஜையில் வைக்க வேண்டும். பிரசாதம் கொடுத்து முடியும்வரை யாரும் எடுக்கக் கூடாது.' இந்த ஒரு செய்தி மட்டும் எப்படியோ எல்லோருக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது. அதற்குக் கும்பிடு மட்டும் எழுபத்தாறு.

பூஜை அன்று கம்பெனி கல்யாண வீடு மாதிரி இருந்தது. மெஷினுக்கெல்லாம் வாழைக்கன்று, மாவிலை, சந்தனம், குங்குமம். நடுவில் சாமி படம். அதன்முன் தலைவாழை இலைகளை வரிசையாக விரித்து, ஸ்பேனர், சுத்தியல், அளவு பார்க்கும் கருவி எல்லாவற்றையும் அடுக்கி, பக்கத்து இலையில் முப்பத்தெட்டு போன்களையும் வைத்தார்கள். ஒவ்வொன்றின் நெற்றியிலும் ஒரு பொட்டு. சொர்ணமும் தன் பட்டன் போனை ஓரத்தில் வைத்தாள். பிறகு தன் மேஜைக்கு வந்தாள். லேண்ட்லைனைத் துடைத்து, சந்தனம் தடவி, குங்குமம் வைத்து, ஒரு முழம் சாமந்தியைச் சுற்றினாள். "இதான் கடசி பூ, கட்டிக்க" என்றாள். மைக்குக்கும் ஒரு பொட்டு. மணைக்கும் ஒன்று. கண்ணைத் துடைத்துக்கொண்டு போய்க் கூட்டத்தில் நின்றாள்.

ராகேஷ் மட்டும் அங்கே இல்லை. வாங்குகிற கம்பெனிக்கு அன்று அனுப்ப வேண்டிய சரக்கோடு ஒரு சோதனைச் சான்றிதழும் கேட்டிருந்தார்கள். கார் பிரேக்குக்குள் போகிற ஸ்பிரிங். ஐந்தாறு ஸ்பிரிங்கை எடுத்துக்கொண்டு ஆவடியில் இருக்கும் சோதனைக் கூடத்துக்குக் காலையிலேயே போயிருந்தான். பூஜைக்குள் வந்துவிடுவதாகச் சொல்லியிருந்தான். இங்கே அதே சரக்கைப் பெட்டி பெட்டியாக வேனில் ஏற்றி, முகப்பில் மாலை போட்டு, நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்துத் தயாராக நிறுத்தியிருந்தார்கள். பன்னிரண்டரைக்கு நல்ல நேரம்.

பூசாரி கற்பூரத் தட்டை உயர்த்தினார். அந்தக் கணத்தில் இலையில் இருந்த அத்தனை போனும் ஒன்றாக 'டிங் டாங் டிங்' என்றன.

மாப்ள சார் ஆப்புக்குத் தேர்ந்தெடுத்திருந்த சத்தம் கோயில் மணி. கேட்க இனிமையாக இருக்கட்டும் என்று வைத்திருந்தான். முப்பத்தெட்டு மணியும் சேர்ந்து ஒலித்ததில் கூரைத் தகடு அதிர்ந்தது.

"அம்மா தாயே!" என்று முதலாளி கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

மறுபடியும் முப்பத்தெட்டு மணி. பேக்கிங் பெண்கள் குலவை போட்டார்கள். மூன்றாவது தடவை அடித்தபோது இளங்கோ, "உத்தரவு குட்த்துட்டாடா அம்மா!" என்று கைகளைத் தலைக்குமேல் தூக்கிவிட்டார். பூசாரி இதுவரை எந்தக் கம்பெனியிலும் இப்படிப் பார்த்ததில்லை. அவர் பயந்து போய் இன்னும் ஒரு கட்டிக் கற்பூரத்தைக் கொளுத்தினார். அதன்பின் தனித்தனியாகவும் மணி அடிக்க ஆரம்பித்தது. முதலாளியின் போன் அடித்தது, இளங்கோவின் போன் அடித்தது, மைதிலியின் போன் இலையிலேயே நகர்ந்து போய்ச் சுத்தியலில் முட்டிக்கொண்டு நின்றது. ஒருத்தராவது தொட வேண்டுமே! பிரசாதம் முடியும்வரை தொடக்கூடாது என்பது மாப்ள சாரின் ஆர்டர். மாப்ள சாரின் ஆர்டரை மாப்ள சாருக்காகக் கூட மீறுவதாக இல்லை.

பூசணிக்காய் வாசலில் உடைந்து சிதறியது. வேம்புலி வேனில் ஏறி உட்கார்ந்தார். நாலு எலுமிச்சம்பழமும் 'பொளக், பொளக்' என்று நசுங்கின. கைதட்டலோடு வேன் வாசலைத் தாண்டித் திரும்பியது. அவருடைய போனும் இலையில்தான் கிடந்தது.

அப்போதுதான் லேண்ட்லைன் அடித்தது.

சாமந்திப் பூவுக்குள்ளிருந்து முதல் மணி. எல்லோரும் சொர்ணத்தைத் திரும்பிப் பார்த்தார்கள். "தொடாதக்கா, பூஜைல கீது" என்றாள் மைதிலி. இரண்டாவது மணி. சொர்ணத்துக்கு உள்ளங்கை அரித்தது. பூஜையில் வைத்ததைத் தொடுவது தப்புதான். அது அவளுக்குத் தெரியாததா? ஆனால் பத்தொன்பது வருஷம். மூன்றாவது மணி தொடங்கியதும் அவள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓடினாள். கன்னத்தில் ஒரு தட்டுத் தட்டிக்கொண்டாள். பூ உதிர, சந்தனம் கையில் அப்பிக்கொள்ள, ரிசீவரைத் தூக்கிவிட்டாள்.

"ஸ்பிரிங்ஸ், வணக்கம்."

"மேடம்! மேடம்! நான் ராகேஷ்! யாருமே எடுக்கல... முப்பது தடவை... இங்க லேப் சுவத்துல நம்ம கம்பெனி காலண்டர் தொங்குது, அதுல பாத்துதான் இந்த நம்பரே..." அவனுக்கு மூச்சு வாங்கியது. "வேன் கிளம்பிடுச்சா?"

"இப்பதான் சார் கெளம்புச்சு."

"ஐயோ! ஸ்பிரிங் ஃபெயில் மேடம். அமுக்கினா எழுந்திருக்கவே மாட்டேங்குது. சூடேத்திக் கெட்டியாக்கற உலைக்கே அந்த லாட் போகல போல. பிரேக்குக்குள்ள போற சாமான்... யாராவது... வேம்புலிகிட்ட..." என்று இழுத்தான். "வேம்புலி போன் அடிச்சுக்கிட்டே இருக்கு."

"அது பூஜைல கீது சார்."

மறுமுனையில் ராகேஷ் தலையில் அடித்துக்கொள்ளும் சத்தம் கேட்டது.

"போன வையி சார். லைன் வோணும்" என்று சொல்லி சொர்ணம் வைத்துவிட்டாள். முதலாளியின் மருமகனிடம் அவள் அப்படிப் பேசியது அதுதான் முதல் தடவை.

போன் இல்லாத ஆளை எதில் கூப்பிடுவது? பைக்கில் ஆள் அனுப்பலாமா? வேன் நகர்ந்ததும் எஸ்டேட்டின் அத்தனை லாரிகளும் மாலையோடு தெருவை அடைத்துக்கொண்டு நிற்கின்றன. பைக் நுழைய வழியில்லை. அப்போது காற்றோடு ஒரு பாட்டு வந்தது. மூன்றாவது தெரு எல்லையம்மன் கோயிலில் நவராத்திரிக்குக் கட்டியிருந்த கூம்பு ரேடியோ. கோயிலிலிருந்து மெயின் ரோடுவரை கம்பத்துக்கு ஒன்று கட்டியிருந்தார்கள். காலையிலிருந்து காதைப் பிய்த்துக்கொண்டிருந்தது. அதைத்தான் அவள் காலையில், "சனியன், நிறுத்தித் தொலைக்கமாட்டானுங்களா" என்று திட்டியிருந்தாள்.

கோயிலுக்குப் பக்கத்தில் பூக்கடை வைத்திருப்பவள் நாகம்மாள். தினமும் இரண்டு முழம் இங்கே கொடுத்துவிட்டுப் போகிறவள். அவளுக்குப் படிக்க வராது. குரலைக் கேட்டால்தான் ஆளைத் தெரியும், ஆனால் போனை மடியிலேயே வைத்திருப்பாள். எண் சொர்ணத்தின் விரலில் இருந்தது.

"இன்னாடி சொர்ணம், பூ பத்தலியா?"

"யக்கா, எங்க வேன் அங்க வந்துச்சா?"

"வந்தான் வேம்புலி. தேங்கா ஒட்ச்சான், பூட்டான். தோ, முன்னால லாரிங்க சந்துல மாட்டிகினு கீறான், பின்பக்கம் தெர்யுது."

"யக்கா, ஓடு! கோயிலு மைக்குகிட்ட ஓடு! உன் போன மைக்கு மேல வையி! கேள்வி கேக்காத!"

நாகம்மாளுக்கு அறுபது வயசு. பூக்கூடை உருள அவள் ஓடிய ஓட்டத்தை அன்று பார்த்தவர்கள் இன்றும் சொல்லிச் சிரிக்கிறார்கள். மைக் செட்டுக்காரன் சாப்பிடப் போயிருந்தான். பாட்டு பட்டென்று நின்றது. 'கிர்ர்ர்' என்று ஒரு கீச்சல். பிறகு அம்பத்தூர் எஸ்டேட்டின் மூன்றாவது தெருவிலும், நான்காவது தெருவிலும், மெயின் ரோடு முனைவரைக்கும் வானத்திலிருந்து சொர்ணத்தின் குரல் இறங்கியது.

"வேம்புலி அண்ணாத்தே! வேம்புலி அண்ணாத்தே! நான் சொர்ணம் பேசறேன். எங்க கீறியோ அங்கயே நில்லு. சரக்கு போவக்கூடாது. திரும்பி வா."

கம்பெனிக்குள் முதலாளி அண்ணாந்து பார்த்தார். சுண்டல் வாங்கக் கை நீட்டியவர்கள் நீட்டியபடி நின்றார்கள். சொர்ணம் கண்ணாடித் தடுப்புக்குள் போனில் பேசிக்கொண்டிருக்கிறாள், குரல் மேகத்திலிருந்து வருகிறது. பூசாரி தட்டைக் கீழே வைத்துவிட்டார்.

ஆனால் வேம்புலி திரும்பமாட்டார். அது சொர்ணத்துக்குத் தெரியும். எலுமிச்சம்பழம் நசுக்கிக் கிளம்பின வண்டியைப் பாதியில் திருப்பினால் வருஷம் முழுக்க விளங்காது என்று நம்புகிற மனுஷர் அவர். அங்கே வேனுக்குள் உட்கார்ந்து விழித்துக்கொண்டிருப்பார். நயமாகச் சொல்ல வேண்டும்.

"அண்ணாத்தே, பயப்படாத. இஞ்சின் ஆஃப் பண்ணாத. நேரா திரும்பாத. கோயில ஒரு சுத்து சுத்திகினு வா, அம்மனுக்குப் பிரதட்சணம் பண்ண மாதிரி ஆய்டும். வாசல்ல நாகம்மாக்கா தேங்கா குடுக்கும், இன்னொண்ணு ஒடச்சிட்டு வா. லாரிக்கார அண்ணனுங்களே, கொஞ்சம் வழி வுடுங்க! நல்லா இருப்பீங்க!"

பிறகு தூரத்தில் ஒரு ஹார்ன், அதைக் கேட்டு இன்னொன்று, தெரு முழுக்க நின்றிருந்த லாரிகள் அத்தனையும் ஹார்ன் அடித்தன. பத்து நிமிஷத்தில் மாலை தொங்கத் தொங்க வேன் வாசலில் நுழைந்தது. வேம்புலி இறங்கி இரண்டு கையையும் கூப்பினார்.

"எத்தினி வருசம் வண்டி ஓட்டறேன், தங்கச்சி. ஆகாசத்துலேர்ந்து யாரும் என்னப் பேர் சொல்லிக் கூப்ட்டதில்ல. மொதல்ல செத்துப் பூட்டேன்னு நெனச்சேன்" என்றார். கம்பெனியே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. சொர்ணமும் சிரித்தாள், சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அதில் கொஞ்சம் வேறு தண்ணீரும் இருந்தது.

ராகேஷ் ஆட்டோவில் வந்து சேர்ந்தபோது பெட்டிகளை இறக்கிக்கொண்டிருந்தார்கள். இலையில் அவன் அனுப்பிய 'அவசரம்' முப்பத்தெட்டு முகத்திலும் ஒளிர்ந்துகொண்டிருந்தது. அவன் அதைப் பார்த்தான். கண்ணாடித் தடுப்பைப் பார்த்தான். "தேங்க்ஸ் மேடம்" என்று முணுமுணுத்துவிட்டு, முகம் சிவக்க உள்ளே போய்விட்டான். அவ்வளவுதான். பேக்கிங்கைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. சொன்ன ஆர்டர் சொன்னபடி நிற்கிறது என்று சொர்ணம் எடுத்துக்கொண்டாள். மேஜை டிராயரைக் காலி செய்து, குண்டூசி டப்பாவைப் பையில் போட்டுக்கொண்டு போனாள். இரண்டு நாள் லீவும் அவளுக்குப் பொங்கித் தின்றது ஒட்டவில்லை.

லீவு முடிந்து வந்ததும் நேராகப் பேக்கிங்குக்குப் போய் நின்றாள். ஒரு பெட்டி கட்டினாள். இரண்டு கட்டினாள். மணி ஒன்பதேகாலுக்கே இடது காலில் பழைய வலி, கேட்காமலே வந்து சேர்ந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு மூன்றாவது பெட்டியை எடுத்தாள்.

முன்னால் லேண்ட்லைன் அடித்தது.

ஒன்று. இரண்டு. மூன்று. சொர்ணம் ஒட்டும் டேப்பை இறுகப் பிடித்துக்கொண்டாள். நான்கு. அந்தக் கம்பெனியில் நான்காவது மணியை யாரும் கேட்டதில்லை. இளங்கோ மெஷினை நிறுத்திவிட்டு வெளியே வந்தார். ஐந்து. மைதிலி கையில் சீட்டோடு அப்படியே நின்றாள். ஆறு.

கூரையில் இருந்த ஸ்பீக்கர் கீச்சிட்டது. யாரோ மைக்கை 'டொக் டொக்' என்று தட்டினார்கள்.

"ஹலோ... ஹலோ... கேக்குதா?" ராகேஷின் குரல். இந்த மைக்கை அவன் வாழ்நாளில் தொட்டதில்லை. "சொர்ணக்கா... சொர்ணக்கா, எங்க இருந்தாலும் உடனே சீட்டுக்கு வரணும். போன் அடிக்குது. எடுத்தா என்ன சொல்றதுன்னு எனக்குத் தெரியல. லைனைக் கட் பண்ற லெட்டரைத் திரும்ப வாங்கிட்டேன். இதை ஆப்ல போட்டிருக்கலாம்... ஆனா உங்ககிட்டதான் ஆப்பே இல்லையே. அதான் இதுல சொல்றேன்." ஸ்பீக்கரில் மூச்சுச் சத்தம் கேட்டது. "மணை இங்கயேதான் இருக்கு. கால் வலிக்குதுன்னு இளங்கோ சார் நேத்து போன்ல சொன்னாரு. எனக்குத் தெரியாதுக்கா. மன்னிச்சுக்குங்க."

கம்பெனி முழுக்க ஒரே விசில். பேக்கிங் பெண்கள் மறுபடியும் குலவை போட்டார்கள். சொர்ணம் டேப்பை எறிந்துவிட்டு நடந்தாள், நடந்தது எப்போது ஓட்டமானது என்று அவளுக்கே தெரியவில்லை. அவள் வருவதைப் பார்த்து ராகேஷ் நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்தான். பதினோராவது மணி. உட்கார்ந்து, காலை மணைமேல் தூக்கி வைத்து, ரிசீவரை எடுத்தாள். வாடிய சாமந்தி ஒன்று மடியில் விழுந்தது.

"ஸ்பிரிங்ஸ், வணக்கம்."

"இன்னாடி, பதினோரு தபா அடிக்குது! செத்துகித்துப் பூட்டியோன்னு பார்த்தேன்" என்றாள் நாகம்மாள். "இன்னிக்கிப் பூ வோணுமா, வோணாமா?"

"வோணும்க்கா" என்றாள் சொர்ணம். "ரெண்டு மொழம் இல்ல, நாலு மொழமா கொண்டா."